பொதுக்காணி மரங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

வளவுக்குள் நிற்கும் முருங்கைக்குச் சொந்தக்காரர் உண்டு. கொப்பு முறிந்தால் அன்றைக்கே அவருக்குத் தெரியும். மயிர்க்கொட்டி பிடித்தால் அன்றிரவே பந்தம் கொளுத்திக்கொண்டு நிற்பார். ஆனால் முன்பள்ளிக்கு முன்னால் நிற்கும் வாகைக்கும், பொதுக்கிணற்றடிப் புளிக்கும், ஒழுங்கை முகப்பு வேம்புக்கும் சொந்தக்காரர் யார்? எல்லாருக்கும் சொந்தம் என்போம். நடைமுறையில் அது ஒருவருக்கும் சொந்தமில்லை என்றே முடிகின்றது. நிழலுக்கு எல்லாரும் வருகிறோம். ஆட்டுக்குக் குழை வெட்டவும் எல்லாரும் வருகிறோம். கொப்பு முறிந்து ஓட்டின்மேல் விழுந்த பின்னர்தான் அந்த மரம் யாருடைய பொறுப்பு என்ற விசாரணை தொடங்குகின்றது.

பலமுறை இடம்பெயர்ந்து, ஈற்றில் ஒரு வீட்டுத்திட்டத்தில் வந்தமர்ந்த குடும்பங்களின் ஊர்களில் இது இன்னும் சிக்கலானது. பழைய ஊரிலென்றால் இன்ன மரம் இன்னாருடைய பாட்டனார் வைத்தது என்றாவது ஒரு பேச்சு இருக்கும். புதிய குடியிருப்பில் ஒருவரோடொருவர் அறிமுகமாவதற்கே ஆண்டுகள் செல்கின்றன. காணி அளந்து தந்தவர்கள் வீட்டுக்காணிக்கு எல்லைக்கல் போட்டார்கள். பாதை, விளையாட்டிடம், பொதுநோக்கு மண்டப வளவு, குளக்கட்டு என்பன வரைபடத்தில் ‘பொது’ என்று விடப்பட்டன. 2012 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில், குடும்பமொன்று தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள 550,000 ரூபா வழங்கப்பட்டது. அது சுவருக்கும் கூரைக்குமான பணம். வீடுகளுக்கு இடையில் நிற்கும் மரத்தைப் பராமரிக்கும் செலவை அதிலே எவரும் எதிர்பார்க்க முடியாது. அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரே குடியிருப்பில் வீடு வாங்குவோர் பல இடங்களில் கட்டாயமாக ஒரு சங்கத்தில் அங்கத்தவராகின்றனர். பாதையோரம், பூங்கா, சிறுவர் விளையாட்டிடம் போன்ற பொது இடங்கள் அச்சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். சங்கத்தின் ஆண்டு வரவு செலவில் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் ஒதுக்குவது போல மரத்துக்கும் ஒதுக்குவார்கள். பெருஞ்செலவு வந்தால் எடுப்பதற்கெனச் சேமநிதியொன்றும் வைத்திருப்பார்கள். அவர்களுடைய பணமும் இயந்திரங்களும் எம்மிடம் இல்லைதான். ஆனால் அவர்கள் செய்வதில் பணம் இரண்டாவது விடயம். முதலாவது, நிற்கும் மரங்களை எண்ணி எழுதி வைப்பது. அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் ஒருநாட் பொழுதும் போதும்.

எண்ணிப் பார்ப்போம்

இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஆடி அல்லது ஆவணி. சோளகம் அடித்துக்கொண்டிருக்கும், எந்தக் கொப்பு ஆடுகிறது, எது கிறீச்சிடுகிறது என்று மரமே சொல்லும். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர், மாதர் சங்கத்தில் ஒருவர், மரமேறத் தெரிந்த ஒருவர், மண்ணும் மரமும் அறிந்த வயதான கமக்காரர் ஒருவர், எழுதுவதற்கு மேல்வகுப்புப் பிள்ளையொன்று என ஐந்து பேர் போதும். மரமொவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். இலக்கத்தைச் சுண்ணாம்பால் அடிமரத்தில் எழுதுங்கள்; ஆணி அடித்துத் தகடு மாட்ட வேண்டாம். இலக்கத்துக்கு எதிரே மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் அதன் சுற்றளவு, மரத்தில் காணப்படும் குறை, மரத்தின் கீழே என்ன இருக்கிறது என்று நான்கு விடயங்கள்.

நான்காவதைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள். அதுவே முக்கியமானது என்பது எமது அபிப்பிராயம். கோறை விழுந்த புளி ஒன்று வயல்வெளியின் மூலையில் நின்றால் அது ஆந்தைக்கு வீடு. அதே புளி பெண்கள் காலையும் மாலையும் தண்ணீர் அள்ளும் கிணற்றடியில் நின்றால் அது ஆபத்து. மரத்தின் குறை ஒன்றுதான். இடம் வேறு.

அடியிலிருந்து மேலே பார்த்துச் செல்ல வேண்டும். ஒரு பக்கத்து மண் வெடித்தோ கிளம்பியோ இருந்தால் வேர் இளகுகிறது என்று பொருள். அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உழுத்துப் போகிறது. கோடரியின் பின்புறத்தால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். எனினும் கோறை விழுந்த மரமெல்லாம் விழப்போகும் மரமல்ல. மரத்துக்கு உயிர் அதன் வெளிச்சுற்றிலேயே ஓடுகிறது. சுற்றிவரத் தடித்த நல்ல வைரம் இருந்தால் உள்ளே கோறையோடும் அது நெடுங்காலம் நிற்கும். சாய்ந்த மரத்திலும் இப்படியான வேறுபாடு உண்டு. சிறு வயதிலேயே சாய்ந்து, பின்பு நுனியை வானம் நோக்கி நிமிர்த்திக்கொண்ட மரம் தன்னைத் தாங்கப் பழகிவிட்டது. போன மாரிக்குப் பிறகு சாயத் தொடங்கிய மரத்தையே கவனிக்க வேண்டும். இரண்டு பெருங்கொப்புகள் ஒடுக்கமான கவடாகப் பிரிந்து, இடையில் பட்டை உள்மடிந்திருக்குமாயின், காற்று அதிலேதான் பிளக்கும்.

மொட்டைப் பனைகள்

யுத்தம் நடந்த இடங்களுக்குத் திரும்பியோர் இந்தக் கணக்கில் ஒரு தனி வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். செல் பட்டுத் தலை போன பனைகள் வன்னியிலும் வலிகாமம் வடக்கிலும் எத்தனையோ நின்றன. சில இன்னும் நிற்கின்றன. வேம்பும் பூவரசும் இடுப்பளவில் முறிந்தாலும் பக்கத்தால் துளிர்க்கும். பனைக்கும் தென்னைக்கும் அப்படி இல்லை. அவற்றுக்கு உயிர்க்குருத்து உச்சியில் ஒன்றே ஒன்று. அது போனால் மரம் அன்றே முடிந்தது. பின்பு நிற்பது வெறும் தூண். மழைநீர் உச்சிவழியே இறங்கி, நடுச்சோற்றை உழுக்கச் செய்கின்றது. வெளியே கறுத்த வைரம் பலமாகத் தெரிந்தாலும், ஒருநாள் காற்று இல்லாத வேளையிலும் அது சரியக்கூடும்.

இன்னொரு கெடுதியும் உண்டு. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு உழுத்த பனை, தென்னங் குற்றிகளிலும் எருக்குவியலிலும்தான் முட்டையிட்டுப் பெருகுகின்றது. வீடு வீடாகத் தென்னம்பிள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒழுங்கையில் நான்கு உழுத்த குற்றிகளைக் கிடக்க விடுவது, களஞ்சியத்துக்குள் எலியை வளர்ப்பது போன்றது. வீட்டுக்கும் பாதைக்கும் அருகிலுள்ள மொட்டைப் பனைகளை முதலாம் ஆண்டிலேயே தறித்துவிட வேண்டும். அடிப்பகுதி நல்ல வைரமாயிருந்தால் சிலாகைக்கு உதவும். உழுத்ததைப் பிளந்து உலர்த்தி எரித்துவிடலாம். ஆளரவம் இல்லாத இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டைக் கிளிகளுக்கு விட்டுவிட்டாலும் குறையில்லை.

செல் துண்டு புதைந்த மரத்தில் இயந்திர வாளை வைத்தால் சங்கிலி அறுந்து வாள் பிடிப்பவரின் முகத்தில் அடிக்கக்கூடும். ஆகவே தறிப்பவரிடம் மரத்தின் சரித்திரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டையில் பழைய காயத்தழும்பு தெரியும் பக்கத்தைத் தவிர்த்து வெட்ட அவருக்கு அது உதவும். நிலக்கண்ணி அகற்றும் பணி முடிந்ததென அறிவிக்கப்படாத இடத்தில் வேர் கிண்டவோ குழி வெட்டவோ கூடாது. சந்தேகமான பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், வேலையை நிறுத்தி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது

எண்ணி முடிந்தபின் மரங்களை மூன்றாகப் பிரித்தால் போதும்: இந்த மாரிக்கு முன் கைவைக்க வேண்டியவை, பட்ட கொப்பு மட்டும் கழிக்க வேண்டியவை, பார்த்துவிட்டு விடவேண்டியவை. பெரும்பாலான ஊர்களில் மூன்றாவது வகையே அதிகமாயிருக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோமெனில், ஒரு கொப்பு விழுந்து ஒரு வீடு சேதமானால், அடுத்த கிழமையே பயத்தில் ஒழுங்கை முழுவதையும் தறிப்பது எமது பழக்கமாகி வருகின்றது. முப்பது வருட நிழல் ஒரு பகலில் போய்விடும். பின்பு பங்குனி வெயிலில் பிள்ளைகள் வெறும் மணலில் நிற்பார்கள்.

தறிக்க மனமில்லாதவர்கள் செய்வது மற்றப் பிழை. மரத்தின் தலையைப் பாதியில் வெட்டி மொட்டையடித்து, ‘பாரத்தைக் குறைத்துவிட்டோம்’ என்கிறார்கள். வெட்டிய முனையிலிருந்து அடுத்த ஆண்டு கற்றையாகத் துளிர் வரும். அந்தத் துளிர்கள் மரத்தின் உள்வைரத்தோடு பிணைந்து வளர்ந்தவையல்ல. பட்டையோடு ஒட்டி வளர்ந்தவை. அவை பருத்துப் பாரமாகும்போது கீழே வெட்டுவாய் உழுத்துப் போயிருக்கும். ஐந்தாறு வருடத்தில் முன்பைவிடப் பெரிய ஆபத்து தலைக்குமேல் நிற்கும். செலவழித்து ஆபத்தை வாங்குவதென்பது இதுதான்.

பெரிய கொப்பை எடுக்கும் முறை மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கொப்பின் கீழ்ப்புறத்தில், தடிப்பில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்கும் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து. இதில் கொப்பு விழுந்துவிடும், பட்டை உரியாது. மூன்றாவது, மிச்சமாக நிற்கும் குற்றியை, கொப்பு மரத்தோடு சேரும் இடத்திலுள்ள வீங்கிய வளையத்துக்கு வெளிப்புறமாக. அந்த வளையத்தை வெட்டிவிடக் கூடாது. மரம் காயத்தை மூடுவது அதிலிருந்துதான். நீண்ட குற்றியாக விட்டாலும் மூடாது, உழுக்கும். காயத்துக்குச் சாணமோ தாரோ பூசத் தேவையில்லை. அது காயத்தை ஆற்றுவதில்லை. கொக்கத்தடியால் மாட்டி இழுத்துப் பட்டையோடு உரிப்பதுதான் குழை வெட்டுபவர்கள் வழமையாகச் செய்யும் கேடு. குழை வேண்டாமென்று சொல்லவில்லை. கழிக்கும் நாளில் விழும் வேப்பங்குழையும் பூவரசங்குழையும் தோட்டத்தில் தாழ்ப்பதற்கும் ஆட்டுக்கும் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கூறுபோட்டுக் கொடுத்தால் இடையில் களவாக வெட்டுவதும் குறையும்.

காலத்தையும் கவனியுங்கள். 1964 டிசம்பரில் மன்னாரை அடித்த புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளி, 2020 டிசம்பரில் வந்த புரெவி, 2025 நவம்பரில் நாடு முழுவதையும் உலுக்கிய டித்வா ஆகிய நான்கும் இந்த இரண்டு மாதங்களுக்குள் வந்தவை. செப்டெம்பர் முடிய முன் கொப்பு கழிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். மழை இறங்கி மண் இளகியபின் ஏறுகிறவருக்கும் ஆபத்து, மரத்துக்கும் ஆபத்து. மின்கம்பிக்கு அருகிலுள்ள கொப்பில் எந்த மாதத்திலும் நாம் கைவைக்கக் கூடாது. அதை மின்சாரப் பகுதியினருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

பணம் எதுவும் இன்றி நிறுத்தக்கூடிய கேடுகளும் உள்ளன. காலையில் முற்றம் கூட்டி, சருகை மரத்தடியில் குவித்துக் கொளுத்துவது அவற்றுள் முதலாவது. பட்டைக்குக் கீழுள்ள உயிர்ப்படலம் சூட்டில் வெந்துவிடும். ஒரு பக்கம் செத்து, அதனூடாகக் கோறை தொடங்கும். அதே சருகை நான்கு விரற்கடைத் தடிப்பில் பரப்பி, அடிமரத்தில் முட்டாமல் விட்டால் கோடையில் ஈரம் காக்கும். மரத்தைச் சுற்றிச் சீமெந்துத் திண்ணை கட்டுவது, வேரின் மேல் மண்ணும் கல்லும் கொட்டுவது என்பனவும் அவ்வாறே.

கணக்கு

இனி வரவு செலவு. ரூபாயில் எழுதாமல் கூலிநாளில் எழுதும்படி சொல்வோம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான வேளையில், முந்திய ஆண்டில் ரூபாயில் எழுதிய திட்டம் கிழித்தெறிய வேண்டியதாகிவிடும். மரமேறுபவருக்கு எத்தனை நாள் வேலை என்பது மாறாது. கூலியை அந்தந்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கணக்குக்காக, 60 குடும்பங்கள் கொண்ட குடியிருப்பென்று வைத்துக்கொள்வோம். பொது இடங்களில் வேம்பு 21, பனை 15, தென்னை 8, பூவரசு 6, புளி 4, வாகை 2 என 56 மரங்கள். நடந்து பார்த்ததில் மொட்டைப் பனை மூன்று, முன்பள்ளிக்கு மேலே வெடித்த கொப்போடு வாகை ஒன்று, கிணற்றடியில் கோறை விழுந்த புளி ஒன்று என ஐந்து மரங்கள் முதலாம் வகை. பட்ட கொப்புள்ளவை 14. மிகுதி 37 மரங்களுக்குச் செலவில்லை. தேர்ந்த ஆளுக்கு, பனை மூன்றையும் தறிக்க இரண்டு நாள், வாகைக்கு ஒரு நாள், புளிக்கு ஒரு நாள், பட்ட கொப்புகளுக்கு மூன்று நாள், உயிருள்ள பனை தென்னைகளில் காவோலையும் காய்ந்த பாளையும் கழிக்க இரண்டு நாள், ஆக ஒன்பது. கயிறு பிடிக்க, கொப்பு இழுக்க, துப்புரவாக்கப் பதினைந்து ஆள்நாள் தேவை; அது சிரமதானம். நான்கு குடும்பத்துக்கு ஒரு குடும்பம் ஆண்டில் ஒருநாள் வந்தாலே முடிந்துவிடும். கயிறு, கன்று, கூடு ஆகியவற்றுக்கு மூன்று நாட் கூலியளவு பணம். புயலுக்கென்று சேமநிதியில் எட்டு நாட் கூலி. ஒன்பதும் மூன்றும் எட்டும் இருபது.

இருபது நாட் கூலியை 60 குடும்பம் பகிர்ந்தால், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு விழுவது ஒரு நாட் கூலியின் மூன்றிலொன்று. மாதத்துக்குப் பிரித்தால், அந்த ஒருநாட் கூலியை முப்பத்தாறாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. இதைக் கொடுக்க முடியாத விதவைத் தாய்மாரும் முதியோரும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்கக் கூடாது. கன்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதே அவர்களுடைய பங்கு என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டில் முதலாம் வகை மரங்கள் இராது. கூலிநாள் பாதியாகக் குறையும். அப்போது மாதப்பணத்தைக் குறைக்க வேண்டுமென்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொல்வார். குறைக்காதீர்கள். மிச்சம் சேமநிதிக்குப் போகட்டும். புயல் அடித்த மறுநாள் மரம் தறிப்பவர் கேட்கும் கூலி வேறு. அன்றைக்குக் கையில் காசு வைத்திருக்கும் ஊருக்கே அவர் முதலில் வருவார்.

கொப்பியில் எழுதிய மரங்கள் எல்லாம் சங்கத்தின் அதிகாரத்துக்குள் வருவன அல்ல. உள்ளூர்ப் பாதையோரம் பிரதேச சபைக்குரியது. குளக்கட்டு, பாடசாலை வளவு என்பன அந்தந்தத் திணைக்களங்களுக்குரியவை. அவற்றில் எமது வேலை பார்ப்பதும் எழுதி அறிவிப்பதும்தான். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. சொந்தக் காணியில் நின்றாலும் இது பொருந்தும். பட்ட பனையானாலும் கிராம அலுவலரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தின் கடிதத்தோடு தறிப்பதே நல்லது. விண்ணப்பத்தை ஆடியில் கொடுத்தால்தான் புரட்டாதிக்குள் கடிதம் கைக்கு வரும் என்று எண்ணிக் கொடுங்கள்.

கன்றுகள்

ஐப்பசி மழை ஒரு முழம் மண்ணுள் இறங்கியபின் கன்று நடலாம். பையை முழுதாகக் கிழித்தெடுத்து, பைக்குள் சுருண்ட வேரை அறுத்து, தாய்மண் மட்டத்துக்கே நட வேண்டும். பெரிதாகும் மரங்களை வீட்டுக்கும் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 25 அடிக்குள் வைக்க வேண்டாம். நடுவதற்கு விழா எடுக்கும் ஊர்கள் பல. தை தொடக்கம் புரட்டாதி வரை தண்ணீர் ஊற்றிய ஊர்கள் சில. கன்றொன்றுக்குப் பத்து லீற்றர், கிழமைக்கு இருமுறை. அதாவது ஒரு வீட்டுக்கு ஒரு கன்று என்றால் கிழமைக்கு இருபது லீற்றர். பக்கத்தில் ஒரு மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால் இன்னும் குறைவாகவே போதும். இரண்டு கோடை தாண்டினால் வேம்பும் பூவரசும் தாமே பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்குக் கூடு கட்ட முடியாவிட்டால் அந்த ஆண்டு நடாமல் விடுங்கள்.

‘நாளைக்கு எழும்பிப் போற இடத்தில மரம் என்னத்துக்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காணி விடுவிக்கப்படுமென்று காத்திருப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. அவர்களுக்குப் புளியும் இலுப்பையும் நடச் சொல்வதில் அர்த்தமில்லை. ஓராண்டுக்குள் பயன்தரும் பப்பாசியும் முருங்கையும் போதும். ஆனால் ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பார்ப்பது வேறு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்கள் சில கிழமைகளில் திரும்புவோம் என்றே புறப்பட்டார்கள். அன்று தற்காலிகக் கொட்டிலோரம் நட்ட வேம்பு இன்றைக்கு இருவர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கும் அளவில் நிற்கலாம். அதன் கீழே இப்போது பிள்ளைகளின் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தக் கொப்பு பட்டதா பச்சையா என்று பார்க்க, காணி விடுபடும்வரை காத்திருக்க முடியாது.

வரவுப் பக்கமும் முற்றாக வெறுமையல்ல. பொதுப் புளியின் காயை ஆண்டுக்கொருமுறை கூட்டத்தில் வைத்து, எல்லாருக்கும் தெரியத்தக்கதாக ஏலத்தில் கொடுங்கள். தேங்காய், காவோலை, தறித்த பனையின் வைரம் என்பனவும் அப்படியே. பொது மரத்தின் காயைப் பற்றி வரும் சண்டைகளில் பல, யார் பறிப்பது என்பதாலல்ல, பணம் எங்கே போனது என்று தெரியாததாலேயே வருகின்றன. மரக்கொப்பியின் பின்பக்கத்தில் வரவையும் எழுதி, ஆவணிக் கூட்டத்தில் இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் அதே ஐந்து பேர், அதே இலக்கங்களோடு மீண்டும் நடக்கலாம். சுண்ணாம்பு மழையில் கழுவுப்பட்டிருக்கும், ஆகவே ஒரு வாளியில் கரைத்துக்கொண்டு போங்கள்.